அடியில் தங்கியவை: வீட்டு நீராவிக் கொதிகலனும் அதன் வண்டலும்

நீராவி என்றதும் நம் நினைவில் எழுவது பெரும்பாலும் ரயில் வண்டி. அதற்கடுத்தபடியாகப் பள்ளிப் பாடநூலில் கண்ட ஜேம்ஸ் வாட்டின் படம்: அடுப்பில் கொதிக்கும் கெண்டியின் மூடி துள்ளுவதை ஒரு சிறுவன் வியந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்கதை மெய்யாகவே நடந்ததா என்பது ஐயத்துக்குரியது. வாட் பிறப்பதற்கு முன்பே நியூகோமனின் எந்திரம் சுரங்கங்களில் நீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. ஆயினும் அப்படம் நம்மை விட்டு அகலவில்லை. நீராவி என்றால் மேலெழுந்து போவதைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை அது நமக்கு ஏற்படுத்திவிட்டது. கெண்டியின் அடியில் என்ன நேர்ந்தது என்று நாம் கேட்டதில்லை.

நீர் ஆவியாகி வெளியேறும்போது அது சுமந்துவந்த சுண்ணாம்பையும் மண்ணையும் உப்பையும் பாத்திரத்திலேயே விட்டுச் செல்கிறது. உப்புத்தண்ணீர் ஊர்களில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிவதை நாம் அறிவோம். அதே செயல் ஓர் இரும்புக் கொதிகலனுக்குள் ஆண்டுக்கணக்கில் நடந்தால் என்ன ஆகும்? நீராவியைக் கையாளத் தொடங்கிய நாள்முதல் இக்கேள்வி மனிதரைத் தொடர்ந்து வந்திருக்கிறது. நீராவி எந்திரங்களின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுவிட்டது. அவற்றின் அடியில் தேங்கிய சேற்றின் வரலாறோ பழுதுபார்ப்போர் கையேடுகளிலும் விபத்து விசாரணைகளிலும் சிதறிக் கிடக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களில், பழைய வீடுகளின் நிலவறைகளில் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் நீராவிக் கொதிகலனை முன்வைத்து அவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றில் கற்ற பாடம்

சேற்றின் ஆபத்தை அமெரிக்கர் முதலில் உணர்ந்தது வீட்டில் அன்று, ஆற்றில். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிசிசிப்பி, ஒகையோ, மிசௌரி ஆறுகளில் நீராவிப் படகுகள் நூற்றுக்கணக்கில் ஓடின. கொதிகலனுக்கு வேண்டிய நீரை அவை ஓடும் ஆற்றிலிருந்தே எடுத்துக்கொண்டன. மிசிசிப்பி வண்டல் மிகுந்த ஆறு. இளமையில் அவ்வாற்றில் படகோட்டியாகப் பணிபுரிந்த மார்க் ட்வைன், அதன் நீரில் கலந்திருக்கும் மண்ணைப் பற்றி 'மிசிசிப்பியில் வாழ்க்கை' (1883) என்ற நூலில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். கொதிகலனைப் பொறுத்தவரை அது வேடிக்கை அன்று.

கொதிகலத் தகட்டின் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நீர். நீர் தொட்டுக்கொண்டிருக்கும் வரை தகட்டின் வெப்பம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. வருகிற வெப்பத்தையெல்லாம் நீர் வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே மண் படிந்துவிட்டால் அது போர்வைபோல் ஆகிவிடுகிறது. வெப்பம் நீரைச் சேராமல் தகட்டிலேயே தங்குகிறது. இரும்பு சிவந்து, இளகி, உள்ளழுத்தம் தாளாமல் புடைத்து, ஒரு கட்டத்தில் கிழிகிறது. இதை அறிந்தே ஆற்றுப்படகுகளின் கொதிகலன்களுக்குக் கீழே மண் தேங்குவதற்கென்றே தனி உருளை ஒன்றை வைத்தார்கள். பயணத்தின் நடுவே வால்வைத் திறந்து சேற்றை ஆற்றிலேயே பீய்ச்சினார்கள். துறையில் நின்றபோது ஆட்கள் உள்ளே நுழைந்து சுரண்டினார்கள். நீருடன் உருளைக்கிழங்கைப் போட்டுக் கொதிக்கவைக்கும் வழக்கமும் அக்காலக் கொதிகலக்காரர்களிடையே இருந்தது. கிழங்கின் மாவுப்பசை மண்துகள்களைச் சூழ்ந்துகொள்வதால் அவை தகட்டில் இறுகாமல் குழம்பாகவே நிற்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. கருவாலிப் பட்டையின் துவர்ப்பும் இதே நோக்கத்துக்குப் பயன்பட்டது.

இத்தனை செய்தும் கொதிகலன்கள் வெடித்தன. ஏன் வெடிக்கின்றன என்பதைப் பற்றிப் பலவிதமான ஊகங்கள் நிலவின. உள்ளே மர்மமான ஒரு வாயு உண்டாகிறது என்றனர் சிலர்; மின்சாரம் என்றனர் வேறு சிலர். 1830-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனம் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அமெரிக்க அரசின் கருவூலம் அதற்குப் பணம் தந்தது. அந்நாட்டு அரசு அறிவியல் ஆய்வுக்கு நிதி வழங்கிய முதல் நிகழ்வு இதுவே என்பர். உள்ளே நடப்பதைக் கண்ணால் காண்பதற்காகக் கண்ணாடிச் சாளரம் பொருத்திய சிறு கொதிகலன் ஒன்றை அக்குழுவினர் செய்துகொண்டனர். மர்ம வாயு எதுவும் இல்லை என்பது தெளிவாயிற்று. மிகையான அழுத்தம், குறைந்துபோன நீர், பழுதான இரும்பு, கவனக்குறைவு ஆகியவையே எஞ்சி நின்ற காரணங்கள். 1838-இலும் 1852-இலும் படகுக் கொதிகலன்களுக்கான சட்டங்கள் வந்தன.

சட்டங்கள் வந்த பின்னும் சாவுகள் தொடர்ந்தன. 1858 ஜூன் 13 அன்று மெம்ஃபிஸ் நகருக்குத் தெற்கே 'பென்சில்வேனியா' என்ற படகின் கொதிகலன்கள் வெடித்தன. படுகாயமுற்றுச் சில நாட்களில் இறந்தவர்களுள் ஒருவர் ஹென்றி கிளமென்ஸ், மார்க் ட்வைனின் தம்பி. அவ்வேலையைத் தம்பிக்குத் தேடித் தந்தவர் ட்வைனே. தாமும் அதே படகில் பணிபுரிந்து, மேலோட்டியுடன் ஏற்பட்ட சண்டையால் சில நாட்களுக்கு முன்புதான் அதைவிட்டு இறங்கியிருந்தார். அந்தக் குற்ற உணர்வு இறுதிவரை அவரை விடவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

1865 ஏப்ரல் 27 அன்று அதிகாலை இரண்டு மணியளவில், அதே மெம்ஃபிஸுக்கு வடக்கே சில மைல் தொலைவில் 'சுல்தானா' வெடித்தது. 376 பேருக்கு மட்டுமே அனுமதி பெற்ற அப்படகில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு, விடுதலையாகி, வீடு திரும்பிக்கொண்டிருந்த வடதரப்புப் படைவீரர்கள். இறந்தோர் எண்ணிக்கை 1,100-க்கு மேல் என்றும் 1,800 வரை என்றும் வேறுபட்ட கணக்குகள் உள்ளன. அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய கப்பல் விபத்து இதுவே. லிங்கன் கொலையுண்டு இரண்டு வாரமே ஆகியிருந்ததால் செய்தித்தாள்களில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

சுல்தானாவின் அழிவுக்குக் காரணங்கள் பல. விக்ஸ்பர்க் துறையில் கொதிகலனில் கசிவு கண்டபோது, தகட்டை மாற்ற வேண்டும் என்று பழுதுபார்ப்பவர் சொன்னதை ஏற்காமல் ஒட்டுப்போட்டுப் புறப்பட்டார்கள். ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு வீரனுக்கும் அரசு பணம் தருவதாயிருந்தது, காத்திருக்க மனமில்லை. இவற்றோடு சேர்ந்தது கொதிகலனின் அமைப்பு. வழக்கமான ஆற்றுப்படகுக் கொதிகலனுக்குள் இரண்டு பெரிய புகைக்குழாய்கள் இருக்கும். சுல்தானாவின் கொதிகலன் ஒவ்வொன்றிலும் 24 சிறு குழாய்கள் நெருக்கமாக அமைந்திருந்தன. எரிபொருள் குறைவாகச் செலவாகும் நல்ல அமைப்புத்தான். ஆனால் குழாய்களுக்கிடையே தங்கிய மிசிசிப்பி மண்ணை அகற்ற அங்கே கை நுழைய இடமில்லை. தெளிந்த நீருக்குப் பொருந்திய வடிவம் சேற்றுநீருக்குப் பொருந்தாது என்பதை உணர்ந்து, பின்னர் அவ்வாற்றின் கீழ்ப்பகுதிப் படகுகளில் அக்கொதிகலன்களைக் கைவிட்டார்கள்.

ஆய்வாளரின் பட்டியல்

மறு ஆண்டு, 1866-இல், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கொதிகலன்களைச் சோதித்துக் காப்பீடு வழங்கும் நிறுவனம் ஒன்று தோன்றியது. வெடித்தபின் இழப்பீடு தருவதைவிட வெடிக்காமல் பார்த்துக்கொள்வது மலிவு என்பது அதன் கொள்கை. அதன் ஆய்வாளர்கள் ஆலை ஆலையாகச் சென்று, குளிர்ந்த கொதிகலன்களுக்குள் விளக்குடன் தவழ்ந்து, கண்ட குறைகளைக் குறித்துவந்தனர். நிறுவனத்தின் 'தி லோகோமோட்டிவ்' என்ற இதழில் அக்குறைகள் வகைவாரியாக எண்ணிக்கையுடன் வெளியாயின. அப்பட்டியலின் முதல் வரியில் இடம்பெற்றது வண்டல் படிவு; இரண்டாம் வரியில் இறுகிய சுண்ணாம்புப் படலம். விரிசல், துருவரிப்பு, பழுதான அழுத்தமானி எல்லாம் அதன் பிறகுதான்.

1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் கூரையைப் பிளந்துகொண்டு பறந்தது. கட்டடம் சரிந்து தீப்பற்ற, 58 பேர் மாண்டனர். இங்கே குற்றவாளி வண்டல் அன்று. தகட்டின் பொருத்தில் வெளித்தெரியாமல் ஓடியிருந்த விரிசல். புதிய கொதிகலனைப் பராமரிப்புக்காக நிறுத்திவிட்டுப் பழையதை மூட்டிய நாள் அது. இவ்விபத்தின் விளைவாக மாசசூசெட்ஸ் 1907-இல் கொதிகலச் சட்டம் இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் நாடு முழுமைக்குமான விதித்தொகுப்பின் முதற்பதிப்பை 1914-இல் முடித்து மறு ஆண்டு வெளியிட்டது. 114 பக்கங்களே கொண்ட அச்சிறு நூலின் வழித்தோன்றல்கள் இன்று அலமாரி கொள்ளாத தொகுதிகளாக வளர்ந்துள்ளன.

வீட்டுக்குள் வந்த நீராவி

இத்தனை சாவுகளை விளைவித்த ஒன்றைத் தூங்கும் குழந்தைகளுக்குக் கீழே கொண்டுவந்து வைக்கும் துணிவு எப்படி வந்தது? அழுத்தத்தைக் குறைத்ததனால் வந்தது. ஆற்றுப்படகில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேலும் அழுத்தம் ஏறும். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கு விதி வகுத்த உச்ச வரம்பு 15 பவுண்டு; நன்கு அமைந்த வீட்டில் இரண்டு பவுண்டுகூடத் தேவைப்படுவதில்லை. தள்ளிவிட அங்கே எந்த எந்திரமும் இல்லை. நீராவி தானே ஏறிச் சென்று, குளிர்ந்த இரும்பைத் தொட்டு, வெப்பத்தைக் கொடுத்து நீராகி, தன் எடையாலேயே இறங்கி வந்தால் போதும்.

வாட் 1780-களிலேயே தம் பணியறையை நீராவியால் சூடாக்கிப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் 1840-களில் ஜோசஃப் நேசனும் ஜேம்ஸ் வால்வொர்த்தும் இத்தொழிலைத் தொடங்கினர். 1854-இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்ட் குடும்பங்களுக்கு ஏற்ற குறைந்த அழுத்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய ரேடியேட்டர், இரு இரும்புத் தகடுகளை ஆங்காங்கே குழித்து இணைத்தது. பார்வைக்கு மெத்தைபோல் இருந்ததால் மக்கள் அதை மெத்தை ரேடியேட்டர் என்றே அழைத்தனர். 1870-களில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர் பெருகியது. 1877-இல் பேர்ட்சில் ஹோலி லாக்போர்ட் நகரில் தெருவடிக் குழாய்கள் மூலம் பல கட்டடங்களுக்கு நீராவி வழங்கினார். 1882-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனிலும் அது தொடங்கியது. தெருக்குழாய் எட்டாத இடங்களில் ஒவ்வொரு வீட்டின் நிலவறையிலும் ஒரு கொதிகலன் குடியேறியது.

அவ்வீடுகளின் ரேடியேட்டர்கள் இன்றைய கண்ணுக்குத் தேவைக்கு மீறிப் பெரியவை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அடைபட்ட அறையின் காற்று நஞ்சு என்ற எண்ணம் அந்நூற்றாண்டில் வலுத்திருந்தது. 'டாம் மாமாவின் குடிசை' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் அவருடைய தமக்கை காதரினும் 1869-இல் வெளியிட்ட 'அமெரிக்கப் பெண்ணின் இல்லம்' என்ற நூலில் வீட்டுக் காற்றோட்டம் ஒரு பெரும்பொருள். 1918-இன் இன்ஃபுளுயன்சா அவ்வச்சத்தை உறுதிப்படுத்தியது. கடுங்குளிரிலும் சன்னலைத் திறந்துவைத்து உறங்க வேண்டும் என்றாயிற்று. சன்னல் திறந்திருக்கும் வீட்டைச் சூடாக்கும் அளவுக்கு ரேடியேட்டரும் கொதிகலனும் வளர்ந்தன.

சேறு பிறக்கும் விதம்

வீட்டுக் கொதிகலன் ஆற்றுநீரைக் குடிப்பதில்லை. போன நீரே சுற்றித் திரும்புகிறது. அப்படியிருக்க அதில் சேறு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி இரும்பிலிருந்தே வருகிறது. புதிய நீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும். கொதிக்கும்போது அது விடுபட்டு இரும்பைத் தின்னத் தொடங்கும். குழாய்களின் உட்புறத்தில் நீராவியும் காற்றும் மாறிமாறிப் புழங்குவதால் அங்கும் துரு உண்டாகும். இறங்கிவரும் நீர் அத்துருவைக் கழுவிக்கொண்டு கொதிகலனைச் சேரும். சிவப்பாகவும் கறுப்பாகவும் அடியில் தங்கும் கூழ் இதுதான். புதுநீர் கொண்டுவரும் சுண்ணாம்பும் அதனுடன் சேரும்.

ஒருமுறை கொதித்து ஆக்சிஜன் நீங்கிய நீர் இரும்புக்கு அதிகத் தீங்கு செய்வதில்லை. ஆகவே கசிவில்லாத வீட்டில் சேறு மெதுவாகவே சேரும். எங்கேனும் கசிந்தால் புதுநீர் ஊற்ற வேண்டும். புதுநீர் புதிய ஆக்சிஜனைக் கொண்டுவரும். அது இரும்பை அரிக்கும். அரிப்பு புதிய கசிவை உண்டாக்கும். சேற்றின் அளவைக் கொண்டே அவ்வீட்டின் குழாய்கள் எந்நிலையில் உள்ளன என்று அனுபவசாலிகள் கணிப்பதுண்டு.

தமிழில் இதற்கு வண்டல், மண்டி, கசடு என்று பல சொற்கள் இருந்தாலும் 'தூர்' என்ற சொல்லே மிகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. தூர்தல் என்றால் நிரம்பி மூடிப்போதல். கொதிகலனில் நேர்வதும் அதுவே. நீர் போகும் வழிகள் தூர்ந்துபோகின்றன. அவற்றுள் முதலில் தூர்ந்துபோவன கொதிகலனின் கண்கள்.

மூன்று கண்கள்

உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வீட்டுக் கொதிகலனுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் நீர்மட்டக் கண்ணாடி. இரண்டு, மிதவை அறை. நீர்மட்டம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தால் மிதவை இறங்கி பர்னரை அணைத்துவிடும். மூன்று, பன்றிவாலைப்போல் சுருண்ட ஒரு சிறு குழாய். கொதிகலனின் அழுத்தம் அதன் வழியாகத்தான் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியை எட்டுகிறது.

இவற்றுள் மிதவையே வீட்டாருக்கு நிம்மதி தந்த கருவி. நிலக்கரி காலத்தில் யாரேனும் ஒருவர் நாள்தோறும் பலமுறை இறங்கிச் சென்று நெருப்பையும் நீரையும் பார்த்தாக வேண்டும். 1920-களிலிருந்து எண்ணெய் பர்னரும் தெர்மோஸ்டாட்டும் பரவியபோது பார்ப்பாரில்லாமலே நெருப்பு எரியத் தொடங்கியது. நீர் வற்றிய கொதிகலனில் நெருப்பு எரிந்தால் வார்ப்பிரும்பு பிளக்கும். காய்ந்து சிவந்த இரும்பில் குளிர்நீர் பாய்ந்தால் இன்னும் கொடியது நேரும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கிறது. ஆகவே மனிதக் கண்ணுக்குப் பதிலாக மிதவை நிறுத்தப்பட்டது. 1919-இல் ஹார்ட்ஃபோர்ட் நிறுவனம் வேறொரு காவலையும் தந்திருந்தது. திரும்பிவரும் குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழான உயரம்வரை ஏற்றி இணைக்கும் வளையம் அது. கீழே குழாய் உடைந்தாலும் கொதிகலன் முழுதும் வடிந்துவிடாது. இன்றும் அதன் பெயர் ஹார்ட்ஃபோர்ட் வளையம்தான்.

ஆனால் மிதவை அறை, நீர் அசையாமல் நிற்கும் ஓர் ஒதுக்குப்புறம். துரு வந்து தங்குவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. சேறு நிறைந்தால் மிதவை சேற்றின் மேலேயே அமர்ந்துவிடும். கொதிகலனில் நீர் வற்றினாலும் அது இறங்காது. நீர் இருக்கிறது என்றே அது சொல்லும். கண்ணாடியின் துவாரம் அடைபட்டால் அதில் தேங்கிய பழைய நீர் பொய்மட்டம் காட்டும். சுருள்குழாய் அடைபட்டால் அழுத்தம் ஏறுவதைக் கருவி அறியாது. மூன்று காவலர்களையும் ஏமாற்றுவது ஒரே சேறு. எஞ்சி நிற்பது பாதுகாப்பு வால்வு ஒன்றுதான். அதுவும் நீர் வற்றுவதைத் தடுக்காது. பார்க்கவேண்டிய கடமையிலிருந்து மனிதனை விடுவிக்க வந்த கருவியைக் கழுவுவதற்காகவே ஒரு மனிதன் கீழே இறங்கி வரவேண்டியிருக்கிறது.

தூர்வாரும் முறை

வேலை இரு வகைப்படும். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை செய்வது சிறுவேலை. மிதவை அறையின் அடிவால்வுக்குக் கீழே வாளியை வைத்து, கொதிகலன் எரிந்துகொண்டிருக்கும்போதே வால்வைத் திறக்க வேண்டும். முதலில் தேநீர் நிறத்திலும் பின்னர் தெளிந்தும் நீர் வரும். மிதவை இறங்கி பர்னர் அணைய வேண்டும். அணையாவிட்டால் காவலன் செத்துவிட்டான் என்று பொருள். வெளிவருவது கொதிநீர். கை வெந்தவர்கள் பலர்.

பெருவேலை ஆண்டுக்கொருமுறையோ சில ஆண்டுகளுக்கொருமுறையோ வரும். பர்னரின் மின்னிணைப்பைத் துண்டித்துக் கொதிகலனை முழுதும் ஆறவிட வேண்டும். சூடான வார்ப்பிரும்பில் குளிர்நீரை விடுவதே இத்தொழிலின் பெரும்பிழை. ஆறியபின் அடிவால்வு வழியே நீரை வடிக்க வேண்டும். வடிந்துவிட்டதால் சேறு போய்விட்டது என்று எண்ணக் கூடாது. நீர் மேலாக ஓடிவிடும், கூழ் அப்படியே கிடக்கும். கொதிகலனின் அடிமூலைகளில் உள்ள மூடிகளைக் கழற்றி, வளைந்த நுனியுள்ள நீண்ட குழாயால் எல்லாப் பக்கமும் நீரைப் பீய்ச்சி, தெளிநீர் வரும்வரை கலக்கி வெளியேற்ற வேண்டும். கண்ணாடியையும் சுருள்குழாயையும் கழற்றிக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். நீரை நிரப்பிய உடனே கொதிக்கவைக்க வேண்டும். புதுநீரின் ஆக்சிஜனை அன்றே விரட்டாவிட்டால் கழுவியதே அடுத்த துருவுக்கு வித்தாகிவிடும்.

அடியில் தங்காமல் மேலே மிதக்கும் கசடும் உண்டு. குழாய்களுக்குத் திருகு வெட்டும்போது பூசிய எண்ணெய் அது. நீரின் மேற்பரப்பில் ஏடாகப் படர்ந்து குமிழிகளை உடையவிடாமல் தடுக்கும். நீர் பொங்கிக் குழாய்களுக்குள் ஏறும். வீடு முழுதும் சம்மட்டி அடிக்கும் ஓசை கேட்கும். பேய் என்று குழந்தைகள் அஞ்சும் ஓசை பெரும்பாலும் இதுதான். இதை அடிவழியே வடித்துப் பயனில்லை. நீர்மட்டத்தில் உள்ள பக்கத்துளை வழியாக, பென்சில் தடிமனுக்கு மேற்படாத ஒழுக்காக, மணிக்கணக்கில் வழியவிட வேண்டும். பால்காரர் ஏடெடுப்பதற்கு ஒப்பான பொறுமை அதற்கு வேண்டும்.

மிகப் பழைய கொதிகலனாயின் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அதன் மேல் வெள்ளைச் சுதைபோல் பூசியிருப்பது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் தொடாமலிருப்பதே நலம். இரண்டாவது, சில வேளைகளில் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். கழுவிய மறுநாள் ஒழுகத் தொடங்கிய கொதிகலன்கள் பல. சேறு காப்பாற்றி வந்தது என்று அதற்குப் பொருளில்லை. எப்போதோ முடிந்துபோன ஒன்றைச் சேறு மறைத்துவந்தது என்பதே பொருள்.

கீழ்த்தளத்து மனிதர்கள்

இவ்வேலைகளைச் செய்தவர்கள் யார்? தனி வீடுகளில் தந்தையரும் மூத்த பிள்ளைகளும். அடுக்ககங்களில் கூலிக்கு அமர்ந்த காவல்பணியாளர்கள். சிகாகோவின் அடுக்ககப் பணியாளர்கள் பெரும்பாலும் கொதிகலனுக்கு அருகிலேயே, நிலவறையிலேயே குடியிருந்தார்கள். 1921-இல் அந்நகரில் அவர்கள் முன்னின்று அமைத்த தொழிற்சங்கமே இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய சங்கங்களுள் ஒன்றாக இருக்கும் சேவைப் பணியாளர் பன்னாட்டுச் சங்கத்தின் தொடக்கம். ஒரு பெருநகரைக் குளிரிலிருந்து காத்தவர்கள் தம் வலிமையை அறிந்துகொண்டதில் வியப்பில்லை.

அமெரிக்க இலக்கியம் இக்கீழ்த்தளத்தைக் கண்டிருக்கிறது. ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' (1940) நாவலில் பிகர் தாமஸ் என்ற கறுப்பின இளைஞன் சிகாகோவின் செல்வர் ஒருவர் வீட்டில் காரோட்டியாகச் சேர்கிறான். உலையைப் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை. அவன் செய்த கொலையின் தடயம் அவ்வுலைக்குள் எரிகிறது. சாம்பலை வாரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், அஞ்சி வாராமலிருக்கிறான். சாம்பல் அடைத்து, புகை அறையை நிறைத்து, பிறர் வாரத் தொடங்கும்போது எலும்புகள் வெளிப்படுகின்றன. மேல்தளத்தில் இருப்போர் அந்த உலையை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை என்பதையும் நாவல் நம்மை உணரச் செய்கிறது. ரால்ஃப் எல்லிசனின் 'இன்விசிபிள் மேன்' (1952) நாவலில் ஒரு வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையின் ஆழத்தில் லூசியஸ் பிராக்வே என்ற முதியவர் தனியாக அழுத்தமானிகளைக் காத்திருக்கிறார். அத்தொழிற்சாலை எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. இரு மனிதர் சண்டையிட்டு அழுத்தமானிகளை மறந்த ஒரு கணத்தில் வெடிப்பு நிகழ்கிறது. இவ்விரு நாவல்களும் கொதிகலனைப் பற்றியவை அல்ல. ஆயினும் ஒரு சமூகம் தன் வெப்பத்தை யாரிடம் ஒப்படைத்து, அவரை எங்கே வைத்திருந்தது என்பதை அவை எந்தப் பொறியியல் நூலைவிடவும் தெளிவாகக் காட்டுகின்றன.

மறந்துபோன கலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் வெந்நீர்க் குழாய்களும் வெப்பக்காற்றுப் பாதைகளும் இடம்பெற்றன. புதிய வீட்டில் யாரும் நீராவியை வைக்கவில்லை. பழைய வீட்டிலிருந்து யாரும் எளிதில் அதை அகற்றவும் இல்லை. நீராவியை அறிந்த மூத்த தொழிலாளர்கள் ஓய்வுபெற்று மறைந்தனர். அடுத்து வந்தோர் அதைக் கற்கவில்லை. கருவி இருந்தது, அறிவு போயிற்று. விளங்காத குழாய்களை வெட்டினார்கள். தேவையற்ற இடத்தில் பம்பு வைத்தார்கள். வெப்பம் வரவில்லையென்றால் அழுத்தத்தை ஏற்றினார்கள். வீட்டு அமைப்புகள் மேலும் கெட்டன.

நியூயார்க்கைச் சேர்ந்த டேன் ஹோலஹன் இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் முதன்மையானவர். பழைய பொறியியல் நூல்களைத் தேடிப் படித்து, நிலவறை நிலவறையாக இறங்கிப் பார்த்து, 1992-இல் 'நீராவிச் சூடாக்கலின் மறைந்த கலை' என்று பொருள்படும் நூலை எழுதினார். அக்கலையைச் சமைத்த முன்னோரை அவர் 'இறந்துபோனவர்கள்' என்றே மரியாதையும் அன்பும் கலந்து குறிப்பிடுவார். அவர்கள் மூடர்கள் அல்லர், ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் வைத்திருந்தார்கள், அக்காரணத்தை நாம்தான் படிக்க மறந்தோம் என்பது அவர் எழுத்தின் சாரம். சுவடி படிப்போருக்கு இந்நிலை புதிதன்று. ஏடு கையில் இருக்கும். படிக்கத் தெரிந்த கண் போயிருக்கும்.

இக்கொதிகலன்கள் இனி நெடுநாள் இருக்கப் போவதில்லை. நியூயார்க் நகரம் 2019-இல் இயற்றிய 97ஆம் உள்ளூர்ச் சட்டம் பெரிய கட்டடங்களின் கரிவெளியீட்டுக்கு 2024 முதல் வரம்பு விதித்துள்ளது. எண்ணெயும் எரிவாயுவும் எரித்து நீர் கொதிக்கவைக்கும் முறை மெல்ல மின்சாரத்துக்கு இடம் கொடுக்கும். அது நல்லதே. ஆயினும் கடைசிக் கொதிகலன் அணையும் நாள்வரை ஒவ்வொரு குளிர்காலத்திலும், ஒவ்வொரு வாரமும், யாரேனும் ஒருவர் வாளியுடன் படியிறங்கி அவ்வால்வைத் திறக்க வேண்டியிருக்கும். வருகிற நீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும்; பர்னர் அணைகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சுல்தானாவில் மாண்டவர்களையும் ஹார்ட்ஃபோர்ட் ஆய்வாளர்களையும் நிலவறையில் குடியிருந்த பணியாளர்களையும் பற்றி அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து வந்த அறிவு, அந்த ஒரு நிமிட வேலையில்தான் இன்னும் உயிரோடிருக்கிறது.